ஹாஜரா கைமணம்

20 ஜனவரி 2025, திங்கள்

ஹைகல் இன்று வேலைக்கு வரவில்லை. அழைத்தால் எடுக்கவுமில்லை. பத்தரை மணிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: "பாஸ், நான் நின்னுக்கிறேன்." நான்கு நாள் வேலை பார்த்தவர் தம் பதவி விலகலை மூன்று சொற்களில் முடித்துக்கொண்டார்.

டிசம்பர் தொடங்கி இவர் நான்காவது சமையல்காரர். முதலாமவர் பதினோரு நாள் இருந்தார். இரண்டாமவர் ஆறு நாள். மூன்றாமவர் காலையில் வந்து பகலுக்குள் போய்விட்டார். காரணம் கேட்டால் எவரும் சொல்வதில்லை, குளிர் என்கிறார்கள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்னிடம் குளிர் என்கிறார்கள்.

இத்தனை அலைச்சலும் என் மனைவியின் வலது கைக்காக. ஹாஜராவுக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக்கொண்டு வருகின்றன. ஈப்போ மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: சிறிய அறுவைதான், ஆனால் தள்ளிப்போடப் போட உணர்ச்சி திரும்பாமலே போகலாம்; செய்தபின் ஆறு வாரம் அந்தக் கை எந்தச் சட்டியையும் தூக்கக்கூடாது. அடுப்படியை ஒப்படைக்க ஆளில்லாமல் இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் ரத்து செய்துவிட்டோம். மூன்றாவது தேதி பிப்ரவரி 25. அதற்கடுத்த வாரமே நோன்பு. பிரிஞ்சாங்கிலுள்ள ஒரு ஹோட்டலுக்கு மாதம் முழுவதும் நோன்பு திறக்கும் விருந்து அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஹைகல் போன செய்தியை ஹாஜராவிடம் சொன்னேன். "போறவன் போறான். நான் இருக்கேன்ல" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

23 ஜனவரி, வியாழன்

இம்முறை விளம்பரத்தை நானே எழுதினேன். தானா ராத்தாவில் ஒட்டப்படும் விளம்பரங்களின் தமிழைப் பார்த்தால் அவற்றை எழுதியவர்களை வேலைக்கு எடுக்கவே மனம் வராது.

"ஹாஜரா கைமணம் உணவு வழங்கல் நிறுவனத்திற்கு அனுபவம் மிக்க சமையற்கலைஞர் உடனடியாகத் தேவை. உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசி போட்டதற்கான அட்டையும் கட்டாயம். தத்தம் கருவிகளுடன் நேரில் வருக."

நல்ல சமையல்காரர் தம் கத்தியைத் தாமே கொண்டுவருவார் என்பது என் நம்பிக்கை. மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றிலும் போட்டேன்.

27 ஜனவரி, திங்கள்

மூவர் வந்தார்கள். மூவரிடமும் உறுமி மேளம்.

அவர்களில் மூத்தவர் பெயர் புனிதன், முப்பத்தைந்து வயதிருக்கும். என் விளம்பரத்தைக் கைப்பேசியில் திறந்து எனக்கே காட்டினார். "கலைஞர்னு போட்டிருக்கு பாய். கருவியோட வாங்கன்னும் போட்டிருக்கு. நாங்க வேற என்னத்தத் தூக்கிட்டு வர்றது?"

சமையற்கலைஞர் என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"சமையல் நடக்குற எடத்துல வாசிக்கணும் போலன்னு நெனச்சோம் லா. கல்யாண ஆர்டருன்னு."

ஹாஜரா சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற இருவரும் போனபின் புனிதன் நின்றார். வேன் ஓட்டத் தெரியும், பந்தியில் பரிமாறவும் தெரியும் என்றார். எடுத்துக்கொண்டேன். அந்த விளம்பரத்திற்குக் கிடைத்த பலன் அவர் ஒருவரே.

3 பிப்ரவரி, திங்கள்

கடைசியில் ஒரு மனிதர்.

ஷாஹ்ரில். வயது முப்பத்திரண்டு. பத்தாண்டுகள் பினாங்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தவர். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் தகப்பனார் நோயில் விழுந்ததால் ஊர் திரும்பியிருக்கிறார். சான்றிதழ் இருக்கிறது, ஊசி அட்டை இருக்கிறது, துணியில் சுருட்டிய கத்திகளும் இருக்கின்றன. சோதனைக்கு தால்ச்சா வைக்கச் சொன்னேன். பருப்பு குழையவுமில்லை, விறைக்கவுமில்லை. ஹாஜரா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

25ஆம் தேதி ஈப்போ போகிறோம். இம்முறை ரத்து இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். புனிதன் மூன்று நாள் விடுப்பில்; காவடிக்கு வாசிக்கப் போய்விட்டார். இன்று பார்த்து நாற்பது பேர் கொண்ட சுற்றுலாப் பேருந்து. பொருளியலில் பட்டம் பெற்ற நான் ஐம்பத்தாறாவது வயதில் மிளகாய்ச் சம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். "அண்ணே, இங்க கொஞ்சம்" என்றார் ஒருவர். பரிமாறினேன்.

17 பிப்ரவரி, திங்கள்

தேயிலைத் தோட்ட அலுவலகத்திற்குத் தினமும் பகல் உணவு அனுப்புகிறோம். அங்குள்ள தலைமைக் கணக்கர், பெரிய கிராணி, இன்று அழைத்தார். "என்ன பாய், கடல் தண்ணி எடுத்துட்டு வந்து சமைச்சீங்களா?"

மிச்சமிருந்த கறியைச் சுவைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் மிகையில்லை. ஷாஹ்ரிலிடம் மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். "பாத்துக்கிறேன் பாஸ்" என்றார்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்று தால்ச்சாவில் உப்பே இல்லை. சோதனையன்று அந்தச் சுவையைத் தந்தவர் இரண்டு வாரத்தில் எப்படி இந்த நிலைக்கு வந்தார்? வேலை உறுதியானதும் அலட்சியம் வந்துவிடுகிறது. இது எனக்குப் புதிதல்ல.

எச்சரிக்கையை எழுத்தில் கொடுத்தேன். வாசித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

22 பிப்ரவரி, சனி

தோட்டத்தில் பணி ஓய்வு விருந்து. எண்பது பேருக்கு நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும். முதல் கவளத்தோடு துரை தட்டை நகர்த்தி வைத்தார். இன்றும் அங்கே மேனேஜரைத் துரை என்றுதான் சொல்கிறார்கள். அவர் தட்டை நகர்த்தினால் எண்பது தட்டும் நகரும். நகர்ந்தன. அள்ளிப் போட்டிருந்தது உப்பு.

அடுப்படிக்குத் திரும்பியதும் பணிநீக்கக் கடிதம் எழுதி நீட்டினேன். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்துவது எனக்கு வழக்கமில்லை.

"உப்பு நான் போடல பாஸ்" என்றார் ஷாஹ்ரில்.

"அப்படியானால் யார் போட்டது?"

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். ஹாஜரா குழாயடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். பிறகு அவர், "சரி பாஸ். அப்படியே இருக்கட்டும்" என்று கத்திகளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

தவறு செய்வதை மன்னிக்கலாம். செய்துவிட்டு, கண்ணெதிரே இருக்கும் பானையைக் காட்டி நான் இல்லை என்கிறவனை என்னால் மன்னிக்க முடியாது. பத்தாண்டு அனுபவமாம். எங்கிருந்துதான் வர்றானுங்களோ.

24 பிப்ரவரி, திங்கள்

நான் கடையில் இருந்த நேரத்தில் ஹாஜராவே ஈப்போவுக்கு அழைத்து நாளைய தேதியை ரத்து செய்துவிட்டாள். புதிய தேதி ஏப்ரல் 15.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு.

புனிதன் தாம் குடியிருக்கும் தோட்ட லைன் வீடுகளிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். மோகனா. ஐம்பதை நெருங்குகிறவர். இருபது வருடம் கொழுந்து எடுத்தவர், கோயில் திருவிழாவில் முந்நூறு பேருக்கு ஆக்கிப்போடுகிறவர். சான்றிதழ் இருந்தது, ஊசி போட்டிருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடுப்படிக்கு யாரு பொறுப்பு பாய்? நானா, அக்காவா?"

நீங்கள்தான் என்றேன். ஹாஜரா பின்னால் இருமினாள்.

4 மார்ச், செவ்வாய்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஹோட்டலிலிருந்து அழைப்பு. நேற்றைய நோன்புக் கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லையாம். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். மேலாளர் மிகவும் பண்பாகப் பேசினார். பண்பாகப் பேசுகிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான்.

எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன். ஹாஜரா லுஹர் தொழப் போயிருந்தாள். மோகனா கடிதத்தை வாங்கவே இல்லை, கையில் மாவு.

"லெட்டரெல்லாம் இருக்கட்டும் பாய். ஒண்ணு கேக்குறேன். இந்த அடுப்படியில உப்பு டப்பா எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. வந்து மூணு நாளாச்சு."

பிறகு சொன்னார். சமையல்காரர் தாளிப்பார், வதக்குவார், வேகவைப்பார். எல்லாம் முடிந்ததும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஹாஜரா வருவாள், தன் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுப்பாள், பிஸ்மில்லாஹ் சொல்லித் தன் கையால் உப்பைப் போடுவாள், டப்பாவை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவாள். வேறு யாரும் உப்பைத் தொடக்கூடாது. ஹைகல் தொடக்கூடாது, ஷாஹ்ரில் தொடக்கூடாது, மோகனாவும் தொடக்கூடாது.

"உப்புப் போட வுடலன்னா அவன் என்னா சமையக்காரன்? அடுப்பு தொடைக்க வந்தவன்தான். வெளியில சொன்னா வெக்கக்கேடு. அதான் குளிருன்னு சொல்லிட்டுப் போயிர்றானுங்க."

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த நிறுவனத்தை நடத்துகிறேன். எத்தனை கிலோ உப்பு வாங்குகிறோம் என்று என்னால் சொல்ல முடியும். யார் கை போடுகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை.

வேன் கழுவிக்கொண்டிருந்த புனிதனிடம் போனேன். ஷாஹ்ரில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாராம். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்க பாய் கேட்டீங்க. லெட்டருதான குடுத்தீங்க."

5 மார்ச், புதன்

மாலை நான்கு மணியிலிருந்து அடுப்படியிலேயே நின்றேன். ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

மோகனா மூடியைத் திறந்தார். ஹாஜரா டப்பாவுடன் வந்தாள். மூன்று விரலால் உப்பை எடுத்தாள். எடுத்ததும் விரல்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள் — விரலுக்கு அது தெரியவில்லை. இருந்தது வழியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தது. மறுபடி எடுத்தாள். அது விழுந்ததா இல்லையா என்று அவளுக்கே ஐயம். மூன்றாம் முறை உள்ளங்கை நிறைய அள்ளிப் போட்டாள். நோன்பு வாயோடு நாக்கில் வைத்துப் பார்க்கவும் மாட்டாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம் வெடித்துக் காய்ந்திருந்தது. சூட்டில் பட்டதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

என்ன பேசுவது என்று வாக்கியங்களை ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். "என்ன பண்ற நீ?" என்றுதான் வந்தது. மோகனா பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"தீபாவளி ஆர்டருக்கு முன்னாடியிருந்து."

"ஷாஹ்ரில அனுப்புனப்ப பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எனக்கும் ஒரு லெட்டர் அடிச்சிருப்பீங்க."

அவள் டப்பாவை மூடப் பார்த்தாள். மூடி சரியாக உட்காரவில்லை.

"வேன்ல என் கையப் பத்தி எழுதிப்போட்டு மல முழுக்க ஓட்டுறீங்க. இப்ப அந்தக் கை செத்துப்போச்சுன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்றதுங்க?"

"ஹாஜரா கைமணம்." அந்தப் பெயரை வைத்தவன் நான். மூன்று நாள் யோசித்து வைத்தேன். எழுத்துரு தேர்ந்தெடுத்தவனும் நானே. ஒருத்தியின் கைதான் இந்த நிறுவனம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, அந்தக் கைக்குப் பதிலாக ஒரு கையைத் தேடித் தாள் ஒட்டினேன். அவள் உப்பைப் பூட்டி வைத்ததில் என்ன வியப்பு? இந்த நாட்குறிப்பில் எத்தனை பேரை ஏசி எழுதியிருக்கிறேன் என்று இன்று திருப்பிப் பார்த்தேன். அலட்சியம் என்று எழுதியிருக்கிறேன். மன்னிக்க முடியாது என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் பிழையற்ற தமிழில்.

6 மார்ச், வியாழன்

உடன்பாடு. மோகனாவுக்கு நோன்பில்லை, அவர் சுவைத்துச் சொல்வார். போடுவது ஹாஜரா, கையால் அல்ல, கரண்டியால். இதற்கு ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒரு முற்பகல் தேவைப்பட்டது. அலமாரியின் சாவி இன்னும் அவள் இடுப்பில்தான்.

"எத்தன கரண்டின்னு நான் சொல்றேன் க்கா, நீங்க போடுங்க" என்றார் மோகனா.

"அளந்து போட்டா அது கறி ஆணமா, மருந்தா?"

"மருந்துன்னே வச்சுக்குங்க."

10 மார்ச், திங்கள்

ஹோட்டலிலிருந்து நான்கு நாளாக அழைப்பு இல்லை. அவர்கள் பாராட்டும் விதம் அது.

16 மார்ச், ஞாயிறு

ஷாஹ்ரில் இப்போது கியா பார்மில், ஒரு ஸ்ட்ராபெரிக் கடைக்குப் பின்னாலுள்ள சிறிய உணவகத்தில் இருக்கிறார். காலையில் போனேன். உட்காரச் சொல்லவில்லை. பிழை என்னுடையது, திரும்பி வாருங்கள் என்று நின்றபடியே சொன்னேன்.

"இப்ப வாயால சொல்றீங்க பாஸ். அனுப்புறப்ப எழுத்துல குடுத்தீங்க" என்றார். "எங்க அத்தா அதப் படிச்சாரு. படிச்சிட்டு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. அதே மாதிரி எழுதிக் குடுங்க. எனக்கு வேணாம், அவருகிட்ட குடுங்க."

வீட்டிற்கு வந்து எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். ஒவ்வொன்றிலும் சூழ்நிலை, தகவல் குறைபாடு, தவறான புரிதல் என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் இரண்டு வாக்கியங்கள்தான் மிஞ்சின: "உணவில் நேர்ந்த பிழை உங்கள் மகனுடையதன்று. விசாரிக்காமல் அவரை நீக்கியது என் பிழை."

அஸர் தொழுகைக்குப் பிறகு லெம்பா பெர்த்தாமுக்கு நானே கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முட்டைக்கோஸ் கூடைமேல் தாளை வைத்து வாசித்தார். இரண்டு வாக்கியத்திற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். "மொத லெட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஷாஹ்ரில் திரும்பி வர மாட்டார். வரவேண்டிய அவசியமும் அவருக்கில்லை.

25 மார்ச், செவ்வாய்

ஹாஜரா அஸர் தொழுகையில் இருந்தாள். ஹோட்டலுக்கு வேன் கிளம்பும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. புனிதன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அலமாரி திறந்தே கிடந்தது. மறந்து திறந்து வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மோகனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே எடுத்துப் போட்டுக் கலக்கினார்.

ஹாஜரா வந்தாள். பானையைப் பார்த்தாள், மோகனாவைப் பார்த்தாள்.

"போட்டியா?"

"போட்டேன் க்கா."

அடுத்த சட்டியின் மூடியைத் திறக்கப் போய்விட்டாள்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். கோலாலம்பூரிலிருந்து மகள் நாடியா வந்திருக்கிறாள். ஹாஜரா அவளிடம் கையை நீட்டி ஒவ்வொரு விரலாகக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரைப் பிறப்பு. மோகனா விடுப்புக் கேட்பார் என்று ஆயத்தமாக இருந்தேன். கேட்கவில்லை, நாளை மறுநாள் ஆர்டருக்குரிய சாமான்களைப் பிரித்து வைக்க காலையிலேயே வந்துவிட்டார், தலையில் பூவோடு. ஹாஜரா அவருக்கு ஒரு புடவை கொடுத்தாள். சாவியைக் கொடுக்கவில்லை, மோகனா கேட்கவுமில்லை. அலமாரியில் இப்போது பூட்டே இல்லை என்பதை மாலையில்தான் கவனித்தேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

ஈப்போ. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இதற்காக ஆறு மாதம்.

நடுவிரல் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். மற்ற இரண்டும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். முதல் தேதியிலேயே வந்திருந்தால் என்று தொடங்கினார். ஹாஜராவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கு நன்றி சொன்னேன். கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபப்பட ஆள் தேடினேன். என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை.

6 மே, செவ்வாய்

தையல் பிரித்து ஒரு வாரமாகிறது. கொத்துமல்லிக் காம்பைத் தொட்டால் ஆள்காட்டி விரலில் ஏதோ இருப்பதுபோல் தெரிகிறதாம். போல்தான். கட்டைவிரலில் இன்னும் ஒன்றுமில்லை.

பகல் ஆர்டருக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹாஜரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூன்று வாரத்தில் முதல் முறை. கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மோகனாவும் லைனிலிருந்து புதிதாக வந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு அடுப்பில் நின்றார்கள். போன மாதம் அவர்களைத் தேர்ந்தெடுத்தது மோகனா. நான் கையொப்பம் மட்டும் போட்டேன். இருவரும் இன்னும் இருக்கிறார்கள்.

ஹாஜரா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போகாததைப் பார்த்து நானும் நின்றேன்.

"வரலாமா?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்கவில்லை. அந்த அறையில் எந்த இடத்தில் வெளிச்சம் விழும், எந்தக் கல் ஆடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள், மோகனாவைக் கேட்டாள்.

மோகனா கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை விடவில்லை. "தரை ஈரமா இருக்கு க்கா, பாத்து வாங்க" என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஹாஜரா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.